தேய்ப்பா, பூச்சா, ஜெல்லா: நிறம் தெரியாத பளபளப்பு நகத்துக்கு எது சரி?

ஒரு மாதம் என் இரண்டு கைகளும் இரண்டு விதமாக இருந்தன. முதல் இரண்டு வாரம் இடது கை நகங்களைத் தேய்த்து மெருகேற்றி விட்டேன்; வலது கையில் மெல்லிய ரோஜா நிறப் பூச்சு. ஆனால் சாதம் பிசைவதும் பாத்திரம் துலக்குவதும் வலது கைதான். ஒரு தடவை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகப் படவில்லை. அதனால் அடுத்த இரண்டு வாரம் கை மாற்றிச் செய்தேன். ஜெல் பாலிஷை அதற்கு முந்தைய வருடமே முயன்று விட்டுவிட்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

நான் தேடிய நகம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குட்டையாக, ஓரம் சீராக இருக்க வேண்டும். நகத்துக்குக் கீழே இருக்கும் சதையின் நிறமும் அடியில் இருக்கும் வெள்ளைப் பிறையும் அப்படியே தெரிய வேண்டும். அதற்கு மேல் ஈரம் இன்னும் காயாதது போல ஒரு பளபளப்பு. அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமில் இதை லிப் கிளாஸ் நெயில்ஸ், சோப் நெயில்ஸ் என்று வருடத்துக்கு ஒரு பெயரில் அழைக்கிறார்கள். 2022-ல் நியூயார்க்கில் நடந்த மெட் காலா என்ற ஃபேஷன் விழாவுக்கு அமெரிக்க மாடல் ஹேலி பீபர் முத்து மினுமினுப்பு நகத்தோடு வந்த பிறகு எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. ரசனை என்னவோ பழையதுதான். எஸ்ஸி என்ற அமெரிக்க நெயில் பாலிஷ் கம்பெனியின் பேலே ஸ்லிப்பர்ஸ் என்ற வெளிர் ரோஜா 1980-களில் இருந்தே விற்கிறது. எலிசபெத் ராணிக்காக அவருடைய சிகை அலங்காரம் செய்பவர் 1989-ல் அந்த நிறத்தைக் கேட்டு எழுதினார் என்பது அந்த நிறத்தோடு ஒட்டிக்கொண்ட செய்தி.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது

வீட்டு அம்மிக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்திருக்கும்போது சாம்பல் பூத்தது போல இருக்கும். ஒரு கை தண்ணீர் தெளித்தால் உடனே கறுத்து மின்னும். கல்லின் மேடு பள்ளங்களில் தண்ணீர் நிரம்பி மேல்பக்கம் சமமாகிவிடுகிறது. வெளிச்சம் சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது. கோயில் வாசல்படி அப்படியில்லை. அது காய்ந்திருக்கும்போதே மின்னும். பல தலைமுறைக் கால்கள் தேய்த்துத் தேய்த்து அதன் மேடுகளையே கரைத்துவிட்டன.

நகத்துக்கும் இந்த இரண்டு வழிதான் உண்டு. பள்ளத்தை நிரப்பலாம், அது பூச்சு. விளக்கு வெளிச்சத்தில் இறுக வைக்கிற ஜெல்லும் அதே வகை. மேட்டைக் கரைக்கலாம், அது தேய்ப்பு. இதைப் புரிந்துகொண்டால் கடையில் எந்த டப்பாவைப் பார்த்தாலும் அது என்ன செய்யும், எத்தனை நாள் தாங்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். நிரப்பியது ஒருநாள் உரியும். கரைத்தது உரியாது, மெல்ல மங்கும்.

எந்த வழியானாலும் முதல் அரை மணி

அடர்ந்த சிவப்பு பூசினால் நகத்தில் இருக்கும் குறையெல்லாம் அதற்கடியில் மறைந்துவிடும். கண்ணாடி மாதிரிப் பூச்சு எதையும் மறைக்காது. பிறை மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த தோல், ஒரு பக்கம் சாய்ந்த ஓரம், நகவெட்டி விட்டுப்போன முனை எல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியும். இதில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

நகவெட்டியால் நீளத்தைக் குறைத்த பிறகு ஓரத்தை அரத்தால் சீர் செய்யுங்கள். உலோக அரம் நகத்தைப் பிய்த்துப் பிய்த்து எடுக்கும். கண்ணாடி அரம் வழவழப்பாக முடிக்கும். செக் நாட்டிலிருந்து வந்த பொருள் அது. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் கீழே போட்டு உடைக்காத வரை வருடக்கணக்கில் வரும். நகத்தின் அடிப்பக்க வளைவு எப்படியோ, மேல் ஓரத்துக்கும் அதே வளைவைக் கொடுத்தால் குட்டை நகம்கூட லட்சணமாக இருக்கும்.

அப்புறம் க்யூட்டிகிள், அதாவது நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தோல். குளித்து முடித்தவுடன் அந்தத் தோல் ஊறியிருக்கும். ஒரு துளி எண்ணெய் விட்டு, மரக்குச்சியின் முனையில் பஞ்சு சுற்றி மெல்லத் தள்ளினால் போதும். நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் காய்ந்த படலம் மாவு போல உதிர்ந்து வரும். சுற்றியிருக்கும் உயிருள்ள தோலை மட்டும் வெட்டாதீர்கள். கிருமி உள்ளே போகாமல் அடைத்து வைத்திருப்பதே அதுதான். அங்கே ஒரு கீறல் விழுந்தால் நகச்சுத்தி வர வாய்ப்புண்டு. விரல் நுனியில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு இரவெல்லாம் விண்விண்ணென்று வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லார் வீட்டிலும் ஒருவராவது இருப்பார்கள்.

தேய்ப்பு

இதற்குத் தேவையான பொருள் நான்கு பக்கம் கொண்ட பஃபர் கட்டை ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும். கடைசிப் பக்கம் தொட்டால் தோல் பை மாதிரி வழவழவென்று இருக்கும். முதல் இரண்டு பக்கங்களை நான் தொடுவதே இல்லை. விரல் நகத்தின் தடிமனே அரை மில்லிமீட்டர் அளவுதான். அதில் எவ்வளவு தேய்த்து எடுக்க முடியும்? மூன்றாவது பக்கத்தால் ஒரு நகத்துக்கு ஏழெட்டு இழுப்பு, ஒரே திசையில். பிறகு நான்காவது பக்கத்தால் லேசாக, வேகமாக. நகம் சுடுவது போலத் தோன்றினால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும்.

முதல் தடவை செய்தபோது கட்டைவிரல் நகத்தில் டியூப்லைட்டின் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. பூச்சு எதுவும் இல்லாமல் இவ்வளவு மின்னும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஜப்பானிய மேனிக்யூர் என்று ஒன்று இருக்கிறது. தேய்த்த நகத்தில் தேன்மெழுகு கலந்த பசையைத் தடவி, மான்தோல் போன்ற மெத்தென்ற தோலால் அழுத்தித் தேய்த்து, அதன்மேல் பொடி போட்டு இன்னொரு முறை தேய்ப்பார்கள். மெழுகு இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் ஊறாது, பளபளப்பும் கூடுதல் நாள் நிற்கும். அந்தப் பெட்டி கிடைக்காதவர்கள் கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவி, பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைத்தாலே வித்தியாசம் தெரியும். அதே அளவு என்று சொல்லமாட்டேன், ஆனால் தெரியும்.

எனக்கு இடது கையில் இந்த மினுமினுப்பு பத்து நாள் நின்றது. வலது கையில் ஐந்தாம் நாளே மங்கியது, சோப்புத் தண்ணீரின் வேலை. மங்கும்போது அழகாக மங்குகிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது. எங்கும் பெயராது, திட்டுத் திட்டாக நிற்காது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூடக் கவனிக்கமாட்டார்.

ஆபத்து ஒன்றுதான்: கை சும்மா இராமல் வாரா வாரம் தேய்ப்பது. விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுசாகப் புதுப்பிக்க ஆறு மாதம் ஆகும். இன்றைக்கு மெலிந்துபோன இடம் வளர்ந்து வெட்டப்படும் வரை அப்படியேதான் இருக்கும். மூன்றாவது பக்கம் மாதம் ஒரு முறை, நான்காவது பக்கம் நடுவில் ஒரு முறை, அதற்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே மடங்குகிற, ஏடு ஏடாகப் பிரிகிற நகம் உள்ளவர்கள் இந்த வழியை விட்டுவிடுவது நல்லது. வயது கூடக் கூட நகத்தில் நெடுக்குவாட்டில் வரும் கோடுகளையும் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். அவை நகம் பிறக்கிற இடத்திலிருந்தே வருகிறவை, தேய்த்தாலும் திரும்ப வரும். அவற்றுக்குப் பூச்சுதான் சரி.

பூச்சு

இங்கே முதல் கேள்வி நிறம். கடையில் இரண்டு வகை ஒரே பெயரில் கிடைக்கும். ஒன்று ஜெல்லி மாதிரி: பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால் சர்பத் போல ஊடுருவித் தெரியும். இன்னொன்று பால் கலந்தது: கொஞ்சம் வெள்ளை நிறமி சேர்ந்திருக்கும். வெளிநாட்டுக் கைகளின் படங்களைப் பார்த்துப் பால் வகையை வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. நம் மாநிறக் கைகளில் வெள்ளை கூடினால் நகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிடும். பீச், பழுப்பு கலந்த ரோஜா, வெளிர் செம்மண் சாயலில் ஊடுருவித் தெரிகிற ஜெல்லி வகை எவ்வளவு அழகாக உட்காருகிறது என்பதை ஒரு விரலில் பூசிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பால் வகைக்கு இன்னொரு குறை, தூரிகைத் தடம் கோடு கோடாக நிற்கும்.

பூசுவதற்கு முன் கையை ஊறவைக்காதீர்கள். தண்ணீரில் நகம் உப்பும், காயும்போது சுருங்கும். உப்பிய நகத்தில் பூசினால் அது சுருங்கும்போது பூச்சின் பிடி தளரும். மூன்றாம் நாள் முழுசாக ஏடு போல உரிந்து வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி எண்ணெய். க்யூட்டிகிளுக்கு எண்ணெய் விட்டிருந்தால், கை கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு நகத்தையும் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். துடைத்த நகம் வெளிறிப்போய் உயிரில்லாமல் தெரியும். அந்த நிலையில்தான் பூச்சு பிடிக்கும்.

பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள், காற்றுக் குமிழ் சேராது. முதலில் பேஸ் கோட், அதாவது நிறத்துக்கு அடியில் போகிற அடுக்கு. கோடு விழுந்த நகமானால் பள்ளத்தை நிரப்புகிற ரிட்ஜ் ஃபில்லர் வகை. நிறம் இரண்டு மெல்லிய அடுக்கு. தூரிகையின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் வழித்துவிட்டு, நடுவில் ஒரு இழுப்பு, இரு பக்கமும் ஒவ்வொன்று. தோலைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளி விடுங்கள். கடைசியாக நகத்தின் முனை விளிம்பிலும் தூரிகையை ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்த கையிலும் செய்யாத கையிலும் எனக்கு இரண்டு நாள் வித்தியாசம் வந்தது.

ஏன் மெல்லிய அடுக்கு? சாதாரண நெயில் பாலிஷ் என்பது நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்தது. கரைப்பான் ஆவியாகிப் போனால்தான் அது இறுகும். தடிமனாகப் பூசினால் மேலே ஆடை கட்டிவிடும், கீழே இருப்பது வெளியேற வழியில்லாமல் குமிழாகும். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து பூசியபோதெல்லாம் எனக்கு அந்தக் குமிழ் வந்திருக்கிறது, இப்போது ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறேன். கால் மணியில் தொட்டால் ஒட்டாது என்றாலும் உள்ளே இறுகப் பல மணி நேரம் ஆகும். இரவு பூசிவிட்டு உடனே படுத்தால் காலையில் போர்வையின் நெசவு நகத்தில் அச்சாக இருக்கும்.

இந்தப் பாணியின் உயிர், நிறத்துக்கு மேல் கடைசியாகப் பூசும் நிறமற்ற டாப் கோட்டில் இருக்கிறது. நிறத்துக்குக் கொடுக்கும் காசைக் குறைத்துக்கொண்டு இதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். மூன்றாம் நாள் மாலையில் டாப் கோட்டை மட்டும் இன்னொரு அடுக்கு பூசினால் புதிது போலாகிவிடும். பாட்டில் கெட்டியாகிவிட்டால் ரிமூவரை ஊற்றாதீர்கள், நெயில் பாலிஷ் தின்னர் என்றே தனியாகக் கிடைக்கிறது. இரண்டு மூன்று சொட்டு போதும்.

என் கணக்கில் சமைக்கிற கையில் ஐந்து நாள், மற்றக் கையில் எட்டு நாள். ஆனால் பார்வைக்கு? பூச்சை எதுவும் நெருங்க முடியாது. தேய்த்த நகம் மினுங்குகிறது. பூசிய நகம் ஈரமாகத் தெரிகிறது. நகத்துக்கு மேல் ஒரு துளித் தண்ணீர் நிற்பது போன்ற அந்த ஆழம் தேய்ப்பில் வரவே வராது.

ஜெல்

நியாயமாகச் சொன்னால் பளபளப்பிலும் நீடிப்பிலும் இதுதான் முதலிடம். காயக் காத்திருக்க வேண்டாம், விளக்கின் கீழ் ஒரு நிமிடத்துக்குள் இறுகிவிடும். இரண்டு வாரம் கீறல் விழாது. கை தேர்ந்த ஒருவர் செய்தால் அழகு. வீட்டில் நாமே செய்துகொள்வதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

நான் இணையத்தில் வாங்கிய ஒரு பெட்டியோடு மூன்று முறை செய்தேன். மூன்றாவது முறைக்குப் பிறகு நகத்தைச் சுற்றி அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம். தோல் மருத்துவர் விரலைத் திருப்பிப் பார்த்தவுடன் ஜெல் போட்டீர்களா என்றுதான் கேட்டார். ஜெல்லில் இருக்கும் மெத்தாக்ரிலேட் வகைப் பொருள்கள், குறிப்பாக ஹெமா என்பது, இறுகுவதற்கு முன் தோலில் பட்டால் ஒவ்வாமையை உண்டாக்கும். நடுங்கும் இடது கையால் வலது கைக்குப் பூசும்போது தோலில் படாமல் இருக்குமா? விளக்கும் ஜெல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பார்வைக்கு இறுகியது போல இருந்தாலும் உள்ளே இறுகாத பொருள் மிச்சம் இருக்கும். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். பல் அடைப்பதற்கும் எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சைக்கும் இதே குடும்பத்துப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் ஹெமா உள்ள நகப் பொருள்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட்டே விற்க வேண்டும். ஜெல்லை இறுக்க உதவும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடை செய்துவிட்டார்கள்.

விளக்கின் புற ஊதாக் கதிர் பற்றியும் பயம் உண்டு. 2023-ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ பிரிவினர் செய்த ஆய்வில், 20 நிமிட வெளிச்சத்தில் 20 முதல் 30 சதவீத செல்கள் இறந்தன. அது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல், மனிதர் கை இல்லை. ஒரு நகத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் 20 நிமிடத்துக்கும் வித்தியாசமும் இருக்கிறது. இருந்தாலும் போடத்தான் போகிறேன் என்பவர்கள் முன்கூட்டியே கையில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளலாம், அல்லது விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொள்ளலாம். என்னைப் பொறுத்தவரை கதிரைவிட ஒவ்வாமைதான் பெரிய காரணம்.

கழற்றுவதிலும் கவனம் வேண்டும். மேல்பக்கத்தை லேசாக அரம் போட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்துக் கால் மணி கட்டிவைத்தால் தானாக நெகிழும். பொறுமையில்லாமல் உரித்தால் நகத்தின் மேல் ஏடும் சேர்ந்து வரும். அதன்பின் ஆறு மாதத்துக்கு எந்தப் பளபளப்பும் எடுபடாது.

ஒட்டு நகம், ஸ்டிக்கர் வகை எல்லாம் இந்தப் பாணிக்குப் பொருந்துவதில்லை. குட்டை நகத்தில், ஊடுருவித் தெரிகிற நிறத்தில், அடியில் இருக்கும் பசையும் காற்றுக் குமிழும் அப்படியே தெரியும். ஒரு மாலை விசேஷத்துக்குச் சரி, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மஞ்சளும் மருதாணியும்

வெளிநாட்டு வீடியோ எதிலும் சொல்லாத விஷயம் இது. ஊடுருவித் தெரிகிற பூச்சின் மேல் மஞ்சள் பட்டால் பற்றிக்கொள்ளும். மீன் குழம்புக்கு மசாலா பிசைந்த மறுநாள் என் ரோஜா நகமெல்லாம் மாம்பழ நிறமாக இருந்தது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால் கொஞ்சம் போகும், மஞ்சள் வெயிலிலும் வெளுக்கும். அடர்ந்து பிடித்துவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. வெறும் நகத்திலும் மஞ்சள் பிடிக்கும்தான். நான்கைந்து முறை கை கழுவினால் போய்விடும். தினமும் சமைக்கிறவர்களுக்கு நான் தேய்ப்பைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இது.

தொழுகிற பெண்களுக்கும் தேய்ப்பு வசதி. ஒளு செய்யும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும், பூச்சு அதைத் தடுக்கும். தேய்த்த நகத்தில் தடுக்க எதுவும் இல்லை. மருத்துவமனையில் நோயாளிகளைத் தொட்டு வேலை செய்பவர்கள் செயற்கை நகம் வைக்கக்கூடாது, சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அவர்களுக்கும் குட்டையாகத் தேய்த்த நகம்தான் தோது.

மருதாணி வைத்த நகம் தனிக்கதை. தோலில் இருக்கும் சிவப்பு இரண்டு வாரத்தில் போய்விடும். நகத்தில் இருப்பது எதற்கும் போகாது, வளர்ந்து வெட்டித்தான் போகும். அதன்மேல் வெளிர் ரோஜா பூசினால் செங்கல் தூள் நிறம் வந்து அழுக்காகத் தெரியும். அப்போது நிறமே வேண்டாம். கடைசிப் பக்கத்தால் லேசாகத் தேய்த்து, நிறமற்ற டாப் கோட் ஒரு அடுக்கு மட்டும்.

அடுத்த மாதம் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். கையில் மருதாணி, மோதிரம் மாற்றும்போது எல்லார் கண்ணும் விரலில்தான் இருக்கும். ஜெல் போடட்டுமா சித்தி என்று கேட்டாள். வேண்டாம்மா, முந்தின நாள் மத்தியானம் என்னிடம் வா, ராத்திரிக்குள் இறுகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை தினமும் படுக்கும் முன் நகக்கண்ணில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வருகிறாள்.